'டேக்' என்றால் 'எடு' என்று மட்டும் படிக்காதீர்கள்: ஓர் ஆங்கில வினையை வேரிலிருந்து கற்கும் முறை

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், என் மாணவி ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். குரல் உடைந்திருந்தது. அன்று மாலை அங்கே தங்கியிருக்கும் பாட்டி ஒருவர் அவளைத் தன் அறையில் உட்காரவைத்து, இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றிவிட்டு, 'டூ யூ டேக் ஷுகர்?' என்று கேட்டிருக்கிறார். மேசையில் பீங்கான் கிண்ணம் நிறையச் சர்க்கரை இருந்ததாம். இவள் காதில் அந்தக் கேள்வி 'நீ சர்க்கரையை எடுப்பதுண்டா?' என்று விழுந்திருக்கிறது. "நான் யார் அறையிலிருந்தும் எதையும் எடுத்ததில்லை" என்று பதறிச் சொல்லியிருக்கிறாள். பாட்டி திகைத்துப்போய் ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டார்.

"டீச்சர், என்னைத் திருடி என்று நினைத்துவிட்டார்களா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. டீயில் சர்க்கரை சேர்த்துக்கொள்வாயா என்றுதான் கேட்டிருக்கிறார்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்த பதில் அது. தொலைபேசியை வைத்த பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. சேர்த்துக்கொள். அதில் 'எடு' எங்கேயும் இல்லை, 'கொள்' இருக்கிறது.

நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில் பத்தொன்பது ஆண்டுகளாக மாலைநேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்த செவிலியர்கள். அவர்கள் எல்லோருக்கும் முதல் வாரமே கரும்பலகையில் 'டேக் = எடு' என்று எழுதிக்கொடுத்தவள் நான்தான். அந்தப் பெண் அன்று பட்ட அவமானத்துக்கு அந்த ஒற்றை வரிதான் காரணம். மறுநாளே அதை அழித்தேன். அதற்குப் பிறகு இந்த வினையைக் கற்பிக்க நான் கண்டுகொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு வாரப் பொறுமையும் போதும்.

முதலில் வேர்

பொருள் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம்தான் செலவாகும். ஆனால் பிறகு வரும் நூறு பொருள்களுக்கும் அது கைப்பிடியாக இருக்கும்.

'டேக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்த சொல் 'நிமன்'. ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே இன்றும் 'நேமன்' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

793-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தை ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் கொள்ளையடித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் படையாகவே வந்து, வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப் பெயர்கள் அவர்கள் வைத்தவை. 1016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கனூட் இங்கிலாந்துக்கே அரசரானார். கொள்ளையடிக்க வந்தவர்கள் அண்டை வீட்டுக்காரர்களாகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, நம் பக்கத்தில் சொல்வதுபோலக் கொண்டான் கொடுத்தான் ஆனார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் சொற்கள் அப்படித்தான் ஆங்கிலத்தின் அடுப்படி வரை வந்தன. முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ', கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்', 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே', எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. அந்த வரிசையில் வந்ததுதான் 'டாகா', இன்றைய 'டேக்'.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. நாமும் போர்ச்சுகீசியரிடமிருந்து ஜன்னல், சாவி, மேசை என்று பெயர்ச்சொற்களை வாங்கினோம். பொருள் புதிதாக வந்தால் பெயரும் கூடவே வரும். ஆனால் எடு, கொள், வா, போ என்ற அடிப்படை வினைகளை நாம் யாரிடமும் வாங்கவில்லை. ஆங்கிலம் வாங்கியது. 'நிமன்' சில நூற்றாண்டுகள் 'டேக்' பக்கத்திலேயே நடந்து, மெல்ல மெல்லப் பின்தங்கி, கடைசியில் திருடு என்ற பொருளில் மட்டும் 'நிம்' என்று ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு அதுவும் வழக்கொழிந்தது.

முழுவதும் மறைந்துவிடவில்லை. அதன் இரண்டு பிள்ளைகள் மருத்துவமனையில் தினமும் உங்கள் காதில் விழுகின்றன. விரல் மரத்துப்போனால் நோயாளி 'நம்' என்பார், எழுத்தில் 'நம்ப்'. அது 'நிமன்' என்ற வினையின் எச்ச வடிவம். 'எடுக்கப்பட்டது', 'பறிபோனது' என்று பொருள். உணர்ச்சி பறிபோன விரல். எழுத்தில் கடைசியில் நிற்கும் 'பி' பின்னாளில் ஒட்டியது, அதை உச்சரிக்கக் கூடாது. இன்னொன்று 'நிம்பிள்'. சட்டென்று பற்றிக்கொள்ளும் ஆற்றலுள்ள, சுறுசுறுப்பான என்று பொருள். ஒன்று உணர்விழந்த விரல், மற்றொன்று துடிப்பான விரல். இரண்டுக்கும் வேர் ஒன்று.

சரி, வைக்கிங்குகளின் 'டாகா'வுக்கு முன்னால் என்ன? அதே குடும்பத்தைச் சேர்ந்த காத்திக் என்ற பழைய மொழியில் 'டேகன்' என்றொரு வினை உண்டு. அதன் பொருள் 'தொடு'. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் காத்திக்கில் மொழிபெயர்த்தார். அதன் ஒரு படி, ஊதா நிறம் ஏற்றிய தோல் ஏடுகளில் வெள்ளி மையால் எழுதப்பட்டு, சுவீடனின் உப்சாலாவில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பெரும்பாடுள்ள பெண் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமடைந்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று அவர் கேட்குமிடத்தில், 'தொட்டது' என்பதற்குக் காத்திக்கில் இருக்கும் சொல் 'டைடோக்'. 'டேகன்' என்ற அந்த வினையின் இறந்தகாலம். 'டேக்' என்பதன் இறந்தகாலமான 'டுக்' அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

இதை வகுப்பில் சொன்ன அன்று ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நீள்கிறது, தொடுகிறது. தொட்டது பற்றிக்கொள்கிறது. பற்றியது தன் பக்கம் வருகிறது. வந்தது தன்னுடையதாகிறது, தனக்குள் போகிறது, தன்மீது பொறுப்பாகிறது. 'டேக்' என்பதன் எல்லாப் பொருள்களும் இந்தப் பாதையில் எங்காவது ஓரிடத்தில் நிற்கின்றன. 'எடு' இந்தப் பாதையின் ஒரே ஒரு படி. அதை மட்டும் கற்றுக்கொண்டு போனால் மீதிப் படிகளில் தடுக்கி விழுவோம்.

மூன்று பத்தி நோட்டு

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். இடமிருந்து வலமாகக் கொள், பிடி, எடு என்று தலைப்பிடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். ஆங்கிலத்தில் 'டேக்' வரும் வாக்கியம் ஒன்றைக் கேட்டாலோ படித்தாலோ முதலில் 'கொள்' பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் 'பிடி'. அதுவும் இல்லையென்றால்தான் 'எடு'. பள்ளிக்கூடத்தில் நமக்குத் தலைகீழாகப் பழக்கியிருக்கிறார்கள்.

'கொள்' பத்தி எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். 'டேக் பார்ட்' என்றால் பங்குகொள், கலந்துகொள். 'டேக் கேர் ஆஃப்' என்றால் கவனித்துக்கொள், பார்த்துக்கொள். 'டேக் இன்டு அக்கவுண்ட்' என்றால் கணக்கில் கொள். மாத்திரையை 'டேக்' செய்தால் உட்கொள். ஒரு வேலையை 'அண்டர்டேக்' செய்தால் மேற்கொள். இந்த மண்டபம் இருநூறு பேரை 'டேக்' செய்யும் என்றால், இருநூறு பேர் கொள்ளும். கொள்ளளவு என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதானே. 'ஐ கான்ட் டேக் இட்' என்று நோயாளி முனகினால், பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்கிறார். எதையோ எடுக்க முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்த மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது வலிநிவாரணி.

நாம் அன்றாடம் சொல்வதை அப்படியே அச்சு வார்த்ததுபோல ஆங்கிலத்தில் கேட்கும் இடங்களும் உண்டு. 'டோன்ட் டேக் இட் தி ராங் வே' என்பார்கள். 'தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று நாம் சொல்வதில்லையா? 'ஐ டேக் இட் யூ அக்ரீ' என்றால், நீங்கள் சம்மதிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் 'எடு' இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கூடவே 'கொள்' இல்லாமல் நிற்கவில்லை. 'தவறாக எடுக்காதீர்கள்' என்று சொல்லிப் பாருங்கள், காதில் ஒட்டாது.

'டேக் ஹார்ட்' என்ற தொடர் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல வரும். 'ஹார்ட்' இதயம்தானே, இதயத்தை எடு என்றால் என்ன என்று செவிலியர்கள் குழம்புவார்கள். தமிழ் பைபிளில் யோவான் பதினாறாம் அதிகாரத்தில் 'திடன்கொள்ளுங்கள்' என்று வருமிடத்தைப் பரவலாகப் படிக்கப்படும் இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். அங்கே 'டேக் ஹார்ட்' என்றுதான் இருக்கும். இதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பத்தி இரண்டு மடங்கு பயன். மருந்து உட்கொள்வதை அங்கே 'ஐன்நேமன்' என்பார்கள். 'ஐன்' என்றால் உள். உள் + கொள், அப்படியே உட்கொள். பங்கெடுப்பது 'டைல்நேமன்'. 'டைல்' என்றால் பங்கு. மேற்கொள்வதற்கு 'உன்டர்நேமன்'. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பாரத்தைத் தூக்க அடியில் கை கொடுக்கிறார்கள், அதனால் 'அண்டர்', 'உன்டர்'. நாம் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறோம், அதனால் மேற்கொள். பாரம் ஒன்றுதான்.

'பிடி' பத்திக்கு வருவோம். 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்றால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பஸ்ஸை 'டேக்' செய்தால் பஸ் பிடிக்கிறோம். துணியில் சாயம் 'டேக்' ஆனால் சாயம் பிடித்துவிட்டது. தீக்காய வார்டில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: மருத்துவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு 'தி கிராஃப்ட் ஹாஸ் டேக்கன்' என்றால், ஒட்டிய தோல் பிடித்துவிட்டது, பிழைத்துவிட்டது என்று பொருள். மகிழ வேண்டிய செய்தி. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். மாமரத்தில் ஒட்டுக் கட்டுகிற எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் 'ஒட்டுப் பிடித்துவிட்டது' என்றுதான் சொல்வார். ரவிக்கையை இடுப்பில் 'டேக் இன்' செய்வது என்றால் தையற்காரர் பிடித்துத் தைப்பது. குழந்தை புதுச் செவிலியிடம் 'டுக் டு ஹெர்' என்றால், குழந்தைக்கு அவளைப் பிடித்துப்போனது. இப்படி ஒவ்வொன்றாகச் சேரும்போது இரு மொழிகளும் கை என்ற ஒரே உறுப்பிலிருந்து யோசித்திருப்பது தெரியும். எனக்கு இது ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

'எடு' பத்தி சிறியது. ரத்தம் எடு, படம் எடு, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடு. 'டேக் அவே' என்றால் எடுத்துவிடு, அகற்று. அவ்வளவுதான் என்று சொல்லத் தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. இது ஒருவழிப் பாதை. 'டேக்' என்பதிலிருந்து 'கொள்'ளுக்கு வரலாம். 'கொள்'ளிலிருந்து 'டேக்'குக்குப் போகாதீர்கள். தமிழில் 'கொள்' துணைவினையாக எங்கும் வரும். வந்துகொண்டிருக்கிறான், நினைத்துக்கொண்டாள், புரிந்துகொண்டோம், இவை எதிலும் ஆங்கிலத்தில் 'டேக்' இல்லை.

நம் தமிழ் நம்மைச் சறுக்கவைக்கும் இடங்கள்

நாம் மாத்திரை சாப்பிடுகிறோம். அதனால் 'ஈட் தி டேப்லட்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மாத்திரையை யாரும் 'ஈட்' செய்வதில்லை, 'டேக்' மட்டுமே. 'ஹேவ் யூ டேக்கன் யுவர் டேப்லட்ஸ்?' என்ற வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை தேவைப்படும்.

'தண்ணீர் எடுத்துவா' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'டேக் வாட்டர் அண்ட் கம்' என்பது எங்கள் வகுப்பில் வாரம் ஒருமுறையாவது கேட்கும். பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு வந்தால் 'பிரிங்', அங்கிருந்து வேறிடத்துக்குப் போனால் 'டேக்'. கொண்டுவா, கொண்டுபோ. தமிழில் 'வா', 'போ' என்ற வால் திசையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் வினையே திசையைச் சொல்லிவிடும். நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு 'டேக்', அங்கிருந்து வார்டுக்கு வரச் சொல்லி நீங்கள் வார்டிலிருந்து பேசினால் 'பிரிங்'.

நாம் பரீட்சை எழுதுகிறோம், அவர்கள் 'டேக்' செய்கிறார்கள். நாம் ஓய்வு எடுப்பதை 'டேக் ரெஸ்ட்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர்களுக்கு நடுவில் ஒரு 'அ' வேண்டும், 'டேக் அ ரெஸ்ட்'. குளிப்பதற்கும் அப்படியே, 'டேக் அ பாத்'. பிரிட்டனில் இந்த இடங்களில் 'ஹேவ்' என்பதையும் அதிகம் கேட்பீர்கள். அமெரிக்காவில் 'டேக்' கூடுதல். இரண்டும் சரி. 'வகுப்பு எடுக்கிறேன்' என்று ஆசிரியர் சொல்வதை அமெரிக்கரிடம் 'ஐயாம் டேக்கிங் அ கிளாஸ்' என்று சொன்னால், அவர் உங்களை மாணவராக நினைப்பார். 'டீச்' என்றே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலும் ரத்த அழுத்தமும் நமக்குப் 'பார்ப்பது'. அவர்களுக்கு 'டேக்'. அதாவது அளந்து குறித்துக்கொள்வது. இங்கேயும் 'கொள்' எட்டிப் பார்க்கிறது.

வால் சொற்கள்

'டேக்' பின்னால் ஆஃப், ஆன், ஓவர், அப், இன், டவுன், ஆஃப்டர் என்று சிறு சொற்கள் ஒட்டும்போதுதான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம். வாரம் ஒரு வால் போதும்.

'ஆன்' எடுத்துக்கொள்வோம். ஒரு வேலையை 'டேக் ஆன்' செய்தால் ஏற்றுக்கொள். ஒருவரை 'டேக் ஆன்' செய்தால் வேலைக்குச் சேர்த்துக்கொள். எதிராளியை 'டேக் ஆன்' செய்தால் எதிர்கொள். அகராதி இவற்றை மூன்று தனிப் பொருள்களாகக் காட்டும். நம் நோட்டில் மூன்றும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும். 'டேக் ஓவர்' செவிலியர்களுக்குத் தினசரிச் சொல்: ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஏற்றுக்கொள்வது. 'டேக் டவுன்' என்றால் குறித்துக்கொள். சுவரிலிருப்பதைக் கழற்றி இறக்குவதும் அதுவே. 'டேக் ஆஃப்' சட்டைக்குக் கழற்று, விமானத்துக்குக் கிளம்பு. 'டேக் ஆஃப்டர்' பெற்றோரை உரித்துக்கொண்டு பிறந்திருப்பது.

சொல் வரிசைக்கு ஒரே ஒரு விதி. 'அதை', 'அவளை' போன்ற சுட்டுப்பெயர் வந்தால், பெரும்பாலும் நடுவில் வரும். 'டேக் இட் ஆஃப்' சரி, 'டேக் ஆஃப் இட்' தவறு. 'ஆஃப்டர்', 'டு' என்ற இரண்டும் விலக்கு. அவற்றில் பெயர் கடைசியில்தான் நிற்கும்: 'டேக் ஆஃப்டர் ஹெர்'. இதைச் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் படித்தால் நாக்குக்கு வராது.

முன்னால் ஒட்டும் வால்களும் உண்டு. 'மிஸ்டேக்' என்றால் தவறாக எடுத்துக்கொண்டது. இதுவும் நார்ஸ் மொழியிலிருந்து சேர்ந்தே வந்தது. 'அண்டர்டேக்கர்' என்ற சொல்லை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். அதன் நேர்ப்பொருள் ஒரு பொறுப்பை மேற்கொள்பவர் என்பது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அது இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்பவரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. முதியோர் இல்லத்தில் 'இந்த வேலைக்கு நான்தான் அண்டர்டேக்கர்' என்று சொல்லிவிடாதீர்கள்.

காலவடிவங்கள் எளிது: டேக், டுக், டேக்கன். ஷேக், ஷுக், ஷேக்கன் என்பதும் இதே தடத்தில் போகும். 'ஹேவ்' வந்தால் கடைசி வடிவம், தனியாக நேற்று நடந்ததைச் சொன்னால் நடு வடிவம்.

அகராதியில் எதைப் பார்ப்பது

இரண்டு வகை அகராதிகள் உண்டு. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்கும். பழையது முன்னால், புதியது பின்னால். வழக்கொழிந்துபோன பொருளை முதலில் பார்த்து மிரளாதீர்கள். மாணவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். வேலைக்கு இரண்டாவது வகை போதும். வேரைத் தேடும் நாளில் மட்டும் முதல் வகையைத் திறங்கள். எந்த அகராதியானாலும் தமிழ்ப் பொருளைப் பார்ப்பதற்கு முன் அதன் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்து, கையை நீட்டிப் பாருங்கள்: தொடுகிறதா, பற்றுகிறதா, தன் பக்கம் இழுக்கிறதா, உள்ளே போகிறதா? பதில் வந்தபின் பத்தியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு வாரத்துக்குத் தினமும் ஐந்து வாக்கியம். வேலை முடிந்து வரும்போது பஸ்ஸிலேயே எழுதிவிடலாம். கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள், தனிச் சொல்லாக எழுதாதீர்கள். யார் சொன்னார், எந்த இடத்தில் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். சொன்னவரின் முகம் நினைவிருந்தால் பொருள் மறக்காது.

இங்கிலாந்திலிருக்கும் அந்த மாணவி இந்த முறையை அங்கிருந்தே செய்தாள். தன் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அனுப்புவாள். 'கொள்' பத்தியின் முதல் வரி, 'டூ யூ டேக் ஷுகர்?' ஓரத்தில் அந்தப் பாட்டியின் அறை எண். பாட்டியிடம் மறுநாளே போய் நடந்ததை விளக்கி, தனக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்று சொல்லிவிட்டு வந்ததாக எழுதியிருந்தாள். நாலாவது வாரம் வந்த படத்தில் ஒரு வாக்கியம் எந்தப் பத்தியிலும் இல்லாமல் தாளின் விளிம்பில் நின்றது: 'இட் டேக்ஸ் கரேஜ்'. பாட்டிதான் சொன்னாராம், தன் கணவர் இறந்த பிறகு தனியாக வாழ்ந்த நாட்களைப் பற்றி. 'கொள்' பொருந்தவில்லை, 'பிடி' பொருந்தவில்லை, 'எடு' நிச்சயமாக இல்லை, எங்கே எழுதட்டும் டீச்சர் என்று கேட்டிருந்தாள்.

துணிச்சல் வேண்டும். அதுதான் அந்த வாக்கியம். நான்காவதாக ஒரு கோடு போட்டு 'வேண்டும்' என்று தலைப்பெழுதச் சொன்னேன். அன்று மாலை மாடியில் கரும்பலகையிலும் அந்தக் கோட்டைப் போட்டேன். இப்போது என் வகுப்பில் நான்கு பத்திகள்.